இறகால் ஆன மீன்

தூண்டில் போடப் போகிறோம் என்றால் நாம் முதலில் தேடுவது மண்புழுவை. சிலர் செம்பனைப் பழத்தைக் கோத்துப் போடுவார்கள். சிலர் வெட்டுக்கிளி பிடிப்பார்கள். இவை எதுவும் இல்லாமல், கோழி இறகையும் நூலையும் கொண்டு முள்ளின் மேல் ஒரு பூச்சியையோ சிறு மீனையோ கட்டி, அதைக் காட்டி மீனை ஏமாற்றிப் பிடிப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். கட்டியதைத் தம்மிடமே வைத்துக் கொள்ளாமல், தம்மைப் போன்ற மற்றவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் கட்டியதை வாங்கிக் கொள்ளும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. அந்தக் கைவேலையின் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இது நேற்று வந்த வேலை அன்று. கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் முள்ளில் சிவப்பு நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு இரண்டை வைத்துக் கட்டி மீன் பிடித்தார்களாம். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபிளை’ என்று பெயர். ‘ஈ’ என்பது அதன் பொருள். நம் வசதிக்காக இதை ‘இறகு இரை’ என்று சொல்லிக் கொள்வோம்.

இப்படிப்பட்ட கைவேலை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? பெரும்பாலும் தபாலில்தான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தியோடர் கார்டன் என்பவர் இருந்தார். இங்கிலாந்தில் நீரின் மேல் மிதக்கும் இரைகளைப் பற்றி நூல் எழுதிய ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்கு அவர் கடிதம் எழுதினார். 1890ஆம் ஆண்டில் பதில் வந்தது. அதனுடன் ஹால்ஃபோர்டு அனுப்பிய இரைகளும் இருந்தன. இங்கிலாந்துப் பூச்சி வேறு, அமெரிக்க ஆற்றுப் பூச்சி வேறு என்பதைக் கார்டன் உணர்ந்தார். வந்த மாதிரிகளை அப்படியே பார்த்துக் கட்டாமல், தம் ஆற்றில் பறக்கும் பூச்சிகளுக்கு ஏற்றவாறு புதிதாகக் கட்டினார். அமெரிக்க இறகு இரைக் கலையில் ஒரு புதிய வழி அங்கிருந்து தொடங்கியது.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரே இரைக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயருக்கு ஊருக்கு ஓர் இரை! வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்விஸ் குடும்பத்தின் மீன்பிடிச் சாமான் கடை இருந்தது. அங்கே இறகு இரை கட்டும் பகுதியைக் கவனித்து வந்தவர் மேரி ஆர்விஸ் மார்பெரி அம்மையார். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காக, நாடெங்கும் உள்ள மீன்பிடி ஆர்வலர்களிடம் கடிதம் மூலம் விசாரிக்கப்பட்டது. வந்த பதில்களில் 200க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, வண்ணப் படங்களுடன் 1892ஆம் ஆண்டில் அம்மையார் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஒவ்வொருவர் பெட்டியிலும் தனித்தனியாகக் கிடந்த அறிவு பொதுச் சொத்தாயிற்று.

இனி நாம் ‘ஸ்ட்ரீமர்’ என்ற வகைக்கு வருவோம். மற்ற இறகு இரைகள் பெரும்பாலும் பூச்சியைப் போன்றவை; ஸ்ட்ரீமர் சிறு மீனைப் போன்றது. முள்ளின் தண்டு நீளமாக இருக்கும். அதன் மேல் நீண்ட இறகுகளைப் பின்பக்கம் சாய்த்துக் கட்டுவார்கள். நீருக்குள் இழுக்கும்போது இறகு அலைந்து அலைந்து, நீந்தும் மீன்குஞ்சு போலத் தோன்றும்.

ஸ்ட்ரீமருக்குப் பெயர் பெற்ற இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலம். அங்கே ரேஞ்ச்லி என்ற ஏரிப் பகுதியில் டிரௌட் என்னும் மீன் நன்றாக வளரும். அந்த ஏரிகளில் ஸ்மெல்ட் என்ற மெலிந்த வெள்ளி நிற மீனும் உண்டு. பெரிய மீனுக்கு அதுதான் இரை. ஆகவே ஸ்மெல்ட்டைப் போல் கட்டத் தெரிந்தவருக்கே அங்கு மதிப்பு.

அங்கே ‘அப்பர் டேம்’ என்னும் அணைக்கருகில் வாழ்ந்தவர் கேரி ஸ்டீவன்ஸ் அம்மையார். 1882ஆம் ஆண்டில் பிறந்தவர். தொப்பிகளுக்கு இறகு வைத்து அலங்கரிக்கும் தொழில் தெரிந்தவர் என்பார்கள். கணவர் வாலஸ், மீன் பிடிக்க வரும் விருந்தினருக்கு வழிகாட்டியாக வேலை செய்தவர். அப்படி வந்த விருந்தினர்களில் ஒருவரான சார்ல்ஸ் வீலர், ஸ்ட்ரீமர் கட்டிப் பார்க்கும்படி அம்மையாரைத் தூண்டினார்.

1924ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி. அம்மையார் வீட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தாம் கட்டிய ஸ்ட்ரீமர் ஒன்றை எடுத்துக்கொண்டு அணைக்கட்டு மடுவுக்குப் போனார். அன்று அதில் சிக்கிய டிரௌட் 6 ராத்தல் 13 அவுன்ஸ். அதாவது 3 கிலோவுக்குச் சற்று அதிகம்! ‘ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம்’ என்ற பத்திரிகை நடத்திய போட்டியில் அந்த மீனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. செய்தி பரவியதும் நாலா பக்கமிருந்தும் இரை கேட்டுக் கடிதங்கள் வந்தன. வீட்டுக் கைவேலை ஒரு தொழிலாக மாறியது.

அவர் உருவாக்கிய இரைகளில் ‘கிரே கோஸ்ட்’ மிகவும் புகழ்பெற்றது. ‘சாம்பல் நிறப் பேய்’ என்று பொருள். முள்ளின் தண்டில் ஆரஞ்சு நிறப் பட்டு நூல். அதன் மேல் வெள்ளிச் சரிகை. அடியில் வெள்ளை மான்வால் மயிரும் மயில் தோகை இழையும். மேலே சாம்பல் நிறச் சேவல் இறகுகள். கன்னத்தில் மட்டும் மீன் கண்ணைப் போல் ஒரு புள்ளி இறகு.

நேயர்களே, அந்தக் கண் எங்கிருந்து வந்தது தெரியுமா? தென்னிந்தியாவிலிருந்து! மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்து இறகு அது. மெழுகு பூசியது போன்ற வெள்ளையும் மஞ்சளுமான புள்ளிகள் அதில் உண்டு. நம் மலேசியக் காட்டில் திரியும் செந்நிறக் காட்டுச் சேவலுக்கு இப்புள்ளிகள் கிடையா. நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்த அதே காலத்தில், இந்த இறகும் கப்பலேறி மேல்நாட்டுக்குப் போயிற்று. இன்று இந்தியச் சட்டப்படி அப்பறவையை வேட்டையாட முடியாது. ஆகவே பண்ணைகளில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகையோ, அதைப் போலச் செய்த மாற்றுப் பொருளையோ பயன்படுத்துகிறார்கள்.

இரை கட்டுகிறவர்கள் முள்ளை ‘வைஸ்’ என்னும் இடுக்கியில் பொருத்தி, இரண்டு கையாலும் வேலை செய்வார்கள். கேரி அம்மையாரோ இடுக்கி இல்லாமல், முள்ளை விரல்களுக்கிடையில் பிடித்துக் கொண்டே கட்டினார். பிறர் பார்க்கும்போது அவர் கட்டுவதில்லை என்றும் சொல்வார்கள். இதை நாம் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சோறு போட்ட வித்தை அது. 1953ஆம் ஆண்டில் தம் தொழிலை வெண்டல் ஃபோக்கின்ஸ் என்பவருக்கு விற்றார். 1970ஆம் ஆண்டில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதியை ‘கேரி ஸ்டீவன்ஸ் நாள்’ என்று மேய்ன் மாநில ஆளுநர் அறிவித்துச் சிறப்பித்தார்.

ஆனால் அந்தக் கையின் நுணுக்கம் என்ன ஆயிற்று? பின்னால் வந்தவர்கள் அவர் கட்டிய இரைகளை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தே பலவற்றைத் தெரிந்து கொண்டார்கள். பக்கவாட்டு இறகுகளை அவர் முதலில் ஒன்றோடொன்று பசையால் ஒட்டி, பிறகே முள்ளில் சேர்த்துக் கட்டியிருக்கிறார் என்பதையும் அறிந்தார்கள். ஒரு நல்ல வேலையைக் கற்பதற்கு அந்த வேலையையே அழிக்க வேண்டியதாயிற்று!

இங்கேதான் இரை மாற்றிக் கொள்ளும் பழக்கத்தின் அருமை நமக்கு விளங்குகிறது. பன்னிரண்டு பேர் சேர்ந்து மாற்றிக் கொள்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு வகையில் 12 ஸ்ட்ரீமர் கட்டுவார். குறித்த தேதிக்குள் பொறுப்பாளர் ஒருவருக்கு அனுப்பி வைப்பார். திருப்பி அனுப்புவதற்கான தபால் தலையும் கூட இருக்கும். மொத்தம் 144 இரைகள். பொறுப்பாளர் அவற்றைப் பிரித்து, ஆளுக்கு ஒவ்வொரு வகையிலும் ஒன்றாகத் திருப்பி அனுப்புவார். ஒரே வகையைக் கட்டியவர் கையில் இப்போது பன்னிரண்டு வகை!

அதைவிடப் பெரியது, இரையோடு வரும் சிறு அட்டை. கட்டியவர் பெயர், முள்ளின் அளவு, நூலின் நிறம், எந்த இறகு, எதன் பிறகு எது என்பதெல்லாம் அதில் இருக்கும். எதையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. எழுதாத விதி ஒன்றும் உண்டு. பிறர் பொறுமையாகக் கட்டியதைப் பெறுகிறவர், தாமும் பொறுமையாகக் கட்டியதைத்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் கட்டி அனுப்பினால், அவர் பெயர் எழுதிய அட்டையோடு அது பதினொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்!

இது நமக்குப் புதிய வழக்கமா? லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் தாய்மார்கள் கோல நோட்டுப் புத்தகத்தைக் கைமாற்றிக் கொள்ளவில்லையா? ஒருத்தி ஏழு புள்ளித் தாமரை கொடுத்தால், மற்றவள் பதினைந்து புள்ளித் தேர் கொடுத்தாள். யாருக்கும் எதுவும் குறைந்து போகவில்லை. ஆனால் அந்த நோட்டுகளில் வரைந்தவர் பெயரைப் பலர் எழுதி வைக்கவில்லை. கோலம் நமக்குக் கிடைத்தது, பெயர்தான் கிடைக்கவில்லை.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டில் வலை பின்னத் தெரிந்த தாத்தா இருக்கலாம். கூடை முடையத் தெரிந்த பாட்டி இருக்கலாம். இன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எதன் பிறகு எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறவாமல் மேலே அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.