பெரியம்மையின் குறிகுணங்கள்: நோயறிதல் வரலாற்றில் சென்னையின் பங்கு

தமிழில் ‘அம்மை’ என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு நச்சுயிரிகளால் வருபவை. கொப்புளமே எழாமல் தாடையோரம் வீங்கும் புட்டாளம்மையும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளது. நோயின் பெயரைச் சொல்லாமல் ‘முத்துப் போட்டிருக்கிறது’, ‘முத்து இறங்கிவிட்டது’ எனக் கூறும் வீட்டு வழக்கு, கொப்புளத்தின் படிநிலைகளை மக்கள் கூர்ந்து நோக்கியமைக்குச் சான்று. ஆயினும் உயிரைப் பறிக்கும் அம்மை எது, தானே ஆறிவிடும் அம்மை எது என்பதை முதல் சில நாட்களிலேயே பிரித்தறிய இவ்வழக்கு மட்டும் போதவில்லை. பெரியம்மை ஒழிப்பு என்றதும் தடுப்பூசியே நினைவுக்கு வருகிறது. அதற்கு இணையாக நின்ற குறிகுணங்களை அறிதல் என்னும் பணியை இக்கட்டுரை நோக்குகிறது.

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனிநூல் எழுதியவர் பாரசீக மருத்துவர் அல்-ராசி (இறப்பு கி.பி. 925 அளவில்). முதுகுவலி பெரியம்மைக்கே மிகுதியாக உரியது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. சின்னம்மையைத் தெளிவாகப் பிரித்தறிய 1767இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் எழுதும் வரை காத்திருக்க நேர்ந்தது. பெரியம்மையில் கடுங்காய்ச்சலும் முதுகுவலியும் இரண்டு முதல் நான்கு நாட்கள் முன்னே வரும். பிறகே கொப்புளம் எழும். அது முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்திருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் காணப்படும். ஓரிடத்துக் கொப்புளங்கள் யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையிலோ மார்பிலும் முதுகிலும் மிகுதி. புதிய கொப்புளமும் காய்ந்த பொருக்கும் அருகருகே தென்படும்.

இவ்வளவும் வழக்கமான நோயாளிக்குப் பொருந்தும். வழக்கத்திற்கு மாறான நோயாளியே இடர் தந்தார். இவ்விடத்தில் சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையைச் சார்ந்த ஏ. ஆர். ராவின் பணி முதன்மை பெறுகிறது. ஏறத்தாழ 7,000 நோயாளிகளை ஆராய்ந்து 1972இல் அவர் வெளியிட்ட நூல், பெரியம்மையை இயல்பு வகை, தணிந்த வகை, தட்டை வகை, குருதிக்கசிவு வகை எனப் பகுத்தது. உலக சுகாதார நிறுவனம் இப்பகுப்பை ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி பெற்றவரிடம் காணப்படும் தணிந்த வகையில் கொப்புளங்கள் சிலவே எழுந்து விரைவில் காய்ந்துவிடுவதால், சின்னம்மை எனக் கருத இடமுண்டு. தட்டை வகையிலும் குருதிக்கசிவு வகையிலும் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். குருதிக்கசிவு வகை கருவுற்ற பெண்களை மிகுதியாகத் தாக்கியது. அவ்வகை நோயாளி முத்து எழுமுன்பே இறப்பதும் உண்டு. அதாவது, கொடிய வடிவத்தில்தான் மக்கள் அறிந்த அடையாளம் இல்லாமற்போனது. அத்தகைய இறப்பு வேறு நோயின் கணக்கில் சேர்ந்துவிட்டால், உடனிருந்தோருக்குத் தடுப்பூசி கிட்டாது. தொற்று அடுத்த வீட்டுக்குச் செல்லும். நோயாளியின் படுக்கையருகே நின்று எழுதப்பட்ட இக்குறிப்புகளை வெறும் வகைப்பாடாகக் கருதுதல் பொருந்தாது.

1973இன் பிற்பகுதியில் இந்தியாவில் வீடுவீடாகத் தேடும் பணி தொடங்கியது. பணியாளர் பலரும் மருத்துவர் அல்லர். பெரியம்மை கண்ட குழந்தையின் படம் பதித்த அட்டையைக் காட்டி, ‘இப்படி எவரையேனும் கண்டதுண்டா?’ என வினவினர். ஒவ்வொரு வட்டாரத்திலும் நோய்ப்பெயர் வேறுபட்ட நாட்டில், பெயரைக் கேட்பதினும் படத்தைக் காட்டுவது பயன் தந்தது. 1974இல் 1,88,000க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. 1975 மே மாதத்துடன் நோய் நின்றது. அதன் பின்னரும் சின்னம்மை எனச் சொல்லப்பட்ட இறப்புகள் ஆராயப்பட்டன. தகவல் தருவோர்க்கான பரிசு 1,000 ரூபாயாக உயர்ந்தது.

இத்தனை பயிற்சிக்குப் பின்னும் பிழை நேர்ந்தது. இயற்கையாகப் பெரியம்மை கண்ட இறுதி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது மலேரியா எனக் கருதப்பட்டது. கொப்புளம் எழுந்தபோது சின்னம்மை எனப்பட்டது. உடன் பணியாற்றிய செவிலியர் ஒருவர் தகவல் தந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மாலின் பிழைத்தார், அவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவவில்லை.