சார்புகளின் வரலாறு

அப்பா இறந்த பிறகு அவருடைய அலமாரியிலிருந்து பதினோரு ஃபிளாப்பி வட்டுகள் கிடைத்தன. தொண்ணூறுகளின் கடைசியில் அவர் தட்டச்சு செய்த சிறுகதைகள். “அதெல்லாம் இனிமே தொறக்காதுடா, தூக்கிப் போடு,” என்றார் அம்மா. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அந்தச் சொற்செயலியும் விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி வரவில்லை. என்னிடம் இருப்பதோ டெபியன் லினக்ஸ். அதற்குள் இன்னொரு கணினியை மெய்நிகராக எழுப்பினால்தான் கதைகளைப் படிக்க முடியும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேறொரு லினக்ஸ் பதிப்புக்கான களஞ்சிய முகவரியை எங்கோ பார்த்து என் பட்டியலில் ஒட்டினேன். நிறுவச் சொன்னதும் கணினி மறுத்தது: இதற்கு இன்ன நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டும், அது இங்கே இல்லை. நானும் விடாமல் அந்தப் பழைய நூலகத்தைத் தேடிப் பிடித்து வலுக்கட்டாயமாக ஏற்றினேன். மறுநாள் வேறு எதையும் புதுப்பிக்க முடியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியனை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. டெபியனில் ஒவ்வொரு பொதியும் தான் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தானே எழுதி வைத்திருக்கும். டிபிகேஜி என்ற கருவி அதைப் படித்துப் பார்த்து, குறை இருந்தால் கையை விரித்துவிடும். குறைவதைத் தேடிக் கொண்டுவருவது நம் வேலை. ஒன்றைத் தேடப் போனால் அது இன்னும் மூன்றைக் கேட்கும். ‘சார்பு நரகம்’ என்று சும்மாவா சொன்னார்கள்? 1999-இல் டெபியன் 2.1 உடன் வந்த ஆப்ட், தேடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

ஆனால் மெய்நிகர் மென்பொருளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது நூலகங்களை மட்டும் சார்ந்ததில்லை. வெர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை கெர்னலுக்குள் தங்கள் கூறு ஒன்றைச் செருகுகின்றன. கெர்னலின் உள்கட்டமைப்பு மாறாது என்று லினக்ஸ்காரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதனால் கெர்னல் புதிதாகும்போதெல்லாம் வெளியிலிருந்து வந்த கூற்றை மறுபடி தொகுக்க வேண்டும். அதே பதிப்பின் தலைப்புக் கோப்புகள் இல்லையென்றால் அதுவும் நடக்காது.

இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007-இல் வெர்ச்சுவல்பாக்ஸைத் திறமூலமாக வெளியிட்டது. 2008-இல் அது சன் கைக்கும், 2010-இல் ஆரக்கிள் கைக்கும் போனது. 2017-இல் வந்த டெபியன் 9-இல் வெர்ச்சுவல்பாக்ஸ் இல்லை. பழைய பதிப்புகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் தனியாகப் பிரித்துத் தரப்படாதபோது, ஒரு நிலையான வெளியீட்டில் அதைப் பராமரிக்க முடியாது என்பது டெபியன் தரப்பு வாதம். இந்தச் சார்பு நூலகத்தின் மீதல்ல, நம்பிக்கையின் மீது. அதை எந்தக் கருவியாலும் தேடிக் கொண்டுவர முடியாது.

அதே 2007-இல், பிப்ரவரியில், கேவிஎம் லினக்ஸ் 2.6.20-இன் ஒரு பகுதியாகவே சேர்ந்தது. வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டாளுக்கும் உள்ள வித்தியாசம்தான். கெர்னல் மாறினால் கேவிஎம்மும் கூடவே மாறிவிடும். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட கியூஈஎம்யூ அதனோடு சேர்ந்து இயங்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒட்டிய முகவரியை நீக்கினேன். எந்தப் பொதி எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலிந்து ஏற்றிய நூலகத்தை எடுத்தேன். எதையும் நிறுவும் முன் ஆப்டை ஒத்திகை மட்டும் பார்க்கச் சொன்னேன். எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று அதுவே பட்டியல் போட்டுக் காட்டும். பிறகு டெபியனே தரும் கியூஈஎம்யூவை நிறுவினேன்.

எட்டு வட்டுகள் திறந்தன. மூன்றில் காந்தப்படலம் செத்துவிட்டது. முதல் கதையைத் திரையில் பார்த்த அம்மா, “இந்த ‘ழ’ அவருக்கு எப்பவுமே தப்பா வரும்,” என்றார். கதைகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்தேன். எழுத்துரு, சொற்செயலி, விண்டோஸ், கியூஈஎம்யூ என எல்லாவற்றின் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வட்டுகளோடு போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவின் கதைகள் இத்தனையையும் சார்ந்துதான் உயிரோடு இருந்திருக்கின்றன.