போட்டோ கழுவியாச்சா?

நண்பர்களே, இந்தக் கேள்வியைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் ஸ்டுடியோக்காரரைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான்: "போட்டோ கழுவியாச்சா தம்பி?" பிரிண்ட் போடுவதை நாம் 'கழுவுவது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இன்றைய இங்க்ஜெட் பிரிண்டரில் தொட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் சொல் மட்டும் போகவில்லை.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சுமார் 170 வருடம் பின்னால் போய்ப் பார்ப்போமா? நல்ல பிரிண்ட் போடும் வித்தையை நம் பக்கத்தில் யார் கற்றார்கள், அது ஏன் அடிக்கடி அறுந்துபோனது, இன்று டிஜிட்டல் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித் தருவது உண்மையிலேயே புதிய விஷயமா? இதுதான் இந்தக் கட்டுரை.

உப்பு, வெள்ளி, வெயில்

ஆரம்ப கால பிரிண்டுக்கு இருட்டறை விளக்கு தேவையில்லை, வெயில் போதும். நல்ல தாளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். அதன்மேல் சில்வர் நைட்ரேட் தடவினால் தாள் ஒளியை உணரத் தொடங்கிவிடும். அதன்மேல் நெகட்டிவை அழுத்தி வைத்து வெயிலில் காட்டினால் படம் மெல்ல மெல்லக் கண்ணெதிரே கருத்து வரும். 1850-ல் பிரான்ஸ் நாட்டுக்காரர் பிளான்கார்ட்-எவ்ரார் இதில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தார். படம் இன்னும் கூர்மையாக, பளபளப்பாக வந்தது. அதுதான் ஆல்புமென் பிரிண்ட்.

படம் வந்துவிட்டது. அது மறையாமல் இருக்க வேண்டுமே! மிச்சமுள்ள வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்க ஹைப்போ என்ற ரசாயனத்தில் போடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஹைப்போவையே தாளிலிருந்து வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒரே வழி, நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலசுவது. சரியாக அலசாவிட்டால் தாளில் தங்கிய கந்தகம் வெள்ளியைத் தின்ன ஆரம்பித்து, படம் மஞ்சளாகி வெளுத்துவிடும். 1855-ல் லண்டனில் படங்கள் ஏன் மங்குகின்றன என்று ஆராய ஒரு கமிட்டியே போட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய முக்கியக் குற்றவாளிகளில் ஒன்று அரைகுறையாகக் கழுவுவது.

குறிஞ்சிப்பாடி நெசவு ஊர். இங்கே யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாயம் ஏற்றிய நூலை ஒழுங்காக அலசாவிட்டால் கைலி என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 'போட்டோ கழுவுவது' என்று சொன்ன நம் மக்கள், அந்தத் தொழிலின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கேப்டனும் 19 அடிப் படமும்

1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம் அதுதான். அங்கே ஓவியம், மண்பாண்டம் ஆகியவற்றோடு போட்டோகிராபியும் பாடமானது. காலேஜில் போட்டோ படிப்பு என்பது ஏதோ புதுசு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் சென்னை மாகாண அரசு தனக்கென்று ஒரு போட்டோகிராபரை நியமித்தது. அவர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். கண்ணாடித் தகடுக்குப் பதிலாக மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவைத்தான் பயன்படுத்தினார். ஈரம் காய்வதற்குள் வேலையை முடிக்க வேண்டிய கண்ணாடித் தகடு நம் ஊர் வெயிலில் படாதபாடு படுத்தும். மெழுகுத் தாளையோ முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். அதில் வானம் திட்டுத் திட்டாக விழும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, மேகத்தை வரைந்தே சேர்த்தார். போட்டோஷாப் வருவதற்கு 130 வருடம் முன்னால்!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளை அவர் எடுத்த படம்தான் எல்லாவற்றிலும் அதிசயம். 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டிய, சுமார் 19 அடி நீளப் படம் அது. 21 பிரிண்டும் ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில் இருந்தால்தான் ஒட்டு தெரியாது. ஒவ்வொன்றையும் வெயிலில் காட்டித்தான் அச்சிட வேண்டும். ஒரு மேகம் கடந்தால் நேரக் கணக்கே மாறிவிடும். அந்த வேலையின் கஷ்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படித்து அச்சில் வெளியிடத் தொடங்கியது 1891-ல்தான்.

இவ்வளவு செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவல்யன், அரசின் நிதிநிலைக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-க்குள் எல்லாம் முடிந்தது. ஆடம்பரம் என்று சொல்லப்பட்ட அந்தப் படங்களை 2014-ல் வாஷிங்டனிலும் 2015-ல் லண்டனிலும் பெரிய கண்காட்சியாக வைத்தார்கள்.

வடலூரில் ஒரு கதை

நம் குறிஞ்சிப்பாடி வட்டத்திலேயே ஒரு போட்டோ கதை உண்டு. வள்ளலாரைப் படம் எடுக்க மாசிலாமணி முதலியார் என்ற சென்னைக்காரர் எட்டு முறை முயன்றார், வெள்ளாடை மட்டுமே தகட்டில் விழுந்தது, திருவுருவம் விழவில்லை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதை நம்புகிறவர்களின் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. இந்தக் கதையில் என் கண்ணில் பட்டது வேறு. 1874-க்கு முன்பே போட்டோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒரு தமிழரின் பெயர் நம் வட்டார நினைவில் நிற்கிறதே, அதுதான்.

ஊட்டியிலிருந்து வந்த பேப்பர்

பிறகு வெயில் போய் விளக்கு வந்தது. ஊருக்கு ஊர் ஸ்டுடியோ, ஸ்டுடியோவுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறை, அதில் ப்ரோமைடு பேப்பர். 1960-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், பேப்பர், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் நம் மாநிலத்திலேயே தயாராயின.

இருட்டறையில் தொழில் பழகும் பையனுக்கு முதல் பாடம் சோதனைக் கீற்று. ஒரு துண்டுப் பேப்பரில் பகுதி பகுதியாக 2 விநாடி, 4 விநாடி, 8 விநாடி என்று வெளிச்சம் காட்டி, எது சரி என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது. முழுப் பேப்பரை வீணாக்காமல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. புத்தகம் கிடையாது. முதலாளியின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும்.

கலர் வந்தது, கலர் லேப் மெஷின் வந்தது. இருட்டறைகளைப் பூட்டினார்கள். ஊட்டித் தொழிற்சாலையும் 1990-களில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கும் அந்தச் சங்கிலியும் அத்தோடு அறுந்தது.

மறுபடியும் அதே பாடம்

1991-ல் இங்கிலாந்தில் பிறந்த பாடகர் கிரகாம் நாஷ், கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் திறந்தார். அச்சுத் தொழிலில் மாதிரி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஐரிஸ் என்ற இங்க்ஜெட் மெஷினில் கலைத்தரமான போட்டோ பிரிண்ட் போட்டுக் காட்டினார். எல்லோரும் அசந்துபோனார்கள். ஆனால் அந்தச் சாய மை சில வருடங்களிலேயே வெளுக்க ஆரம்பித்தது. 1855 லண்டன் கமிட்டி ஞாபகம் வருகிறதா? மையில் கரையும் சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய நிறமித் துகள் கொண்ட மை 2000 வாக்கில் சாதாரண போட்டோ பிரிண்டருக்கும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இன்றைய டிஜிட்டல் பட்டறைகளில் என்ன சொல்லித் தருகிறார்கள்? முதலில் திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிசெய்வது. அடுத்து, இந்தப் பேப்பரில் இந்த மை எப்படி விழும் என்று சொல்லும் 'புரொஃபைல்' கோப்பைத் தேர்ந்தெடுப்பது. பிறகு சின்ன துண்டில் மாதிரி எடுத்து, அது நன்றாகக் காயும்வரை காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது. அதே சோதனைக் கீற்று! திரை தானே ஒளிர்கிறது, தாளோ தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. அதனால் திரையில் அழகாக இருந்த நிழல் தாளில் கரியாகிவிடும். இந்த வித்தியாசத்தைக் கண் பழகுவதற்குத்தான் பட்டறை. வீடியோ பார்த்து இதைக் கற்க முடியாது. ஏனென்றால் வீடியோவும் திரையில்தானே ஓடுகிறது?

நமக்கு ஏன் இது?

பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நிலக்கரிக்காக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த கிராமங்கள் உண்டு. அந்தத் தெரு, அந்த வேப்பமரம், அந்தக் கோயில் இருந்த இடத்தில் இன்று சுரங்கப் பள்ளம். திரும்பப் போய்ப் படம் எடுக்க முடியாது. யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பழைய பிரிண்ட் இருந்தால்தான் உண்டு.

2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் லைப்ரரி ஆதரவோடு பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். எழுபது எண்பது வருடம் கழித்தும் அவர்களுக்கு ஏதோ கிடைத்தது என்றால், எங்கோ ஓர் இருட்டறையில் ஒரு பையன் சோம்பல் படாமல் அலசியதால்தான்.

நம் போனில் ஆயிரக்கணக்கான படங்கள். போன் உடைந்தால், பாஸ்வேர்டு மறந்தால் போச்சு. ஆகவே நண்பர்களே, எல்லாவற்றையும் வேண்டாம், வருடத்துக்குப் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். நல்ல தாளில், நிறமி மையில் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதி வையுங்கள். முடிந்தால் ஒரு பட்டறையில் சேர்ந்து நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அது ஆடம்பரமா என்று யாராவது கேட்டால், ட்ரெவல்யன் கதையைச் சொல்லுங்கள்.