குப்பைமேட்டில் பிழைத்த பெயர்கள்

குப்பன், பிச்சை, மூக்கையா, தவிடன், மண்ணாங்கட்டி. இந்தப் பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கும்போது என் மனசு பொறுப்பதில்லை. திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வீடு வீடாகப் போகும்போது திண்ணையில் இருக்கும் மாமியார்களிடம் பேச்சுக் கொடுப்பேன். "மூத்தது மூணும் தங்கலம்மா. இவனத்தான் குப்பையில போட்டு எடுத்தோம்" என்று வளர்ந்து நிற்கும் மகனைக் காட்டுவார்கள்.

அது வாய்வார்த்தைக்குச் சொன்னதில்லை. பிள்ளை தங்காத வீட்டில் ஆண் குழந்தை பிறந்ததும் கொல்லைக் குப்பைமேட்டில் நிஜமாகவே கொண்டுபோய்ப் போடுவார்கள். மருத்துவச்சியோ அண்டை வீட்டுக்காரியோ அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் முறத்தில் தவிட்டை அள்ளிக் கொடுத்துத் தன் பிள்ளையையே விலைக்கு வாங்குவாள். அதோடு அது அவள் பிள்ளை இல்லை, கிடந்தது, வாங்கியது. எமனுக்கு இதில் என்ன ஆசை இருக்கப்போகிறது? குப்பையில் கிடந்தவன் குப்பன், தவிட்டுக்கு வாங்கியவன் தவிடன். ஊரில் மடியேந்தி வாங்கிய அரிசியில் பேர் விட்டால் பிச்சை. மூக்குக் குத்திப் பெண் பிள்ளை மாதிரி வளர்த்தால் மூக்கன், மூக்கையா. எங்கள் பக்கம் நாகூர் ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டு பெற்ற இந்துப் பிள்ளைகள் பக்கிரிசாமி ஆனார்கள். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று நாம் இன்றும் குழந்தைகளைச் சீண்டுகிறோமே, அந்தப் பேச்சு இந்தச் சடங்கில் பிறந்ததுதான்.

படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சமஸ்கிருதப் பேரறிஞர் ஒருவருக்கே குப்புசாமி சாஸ்திரி என்று பெயர். மயிலாப்பூரில் அவர் பெயரில் ஆய்வு நிறுவனமே இருக்கிறது. புதுக்கவிதையின் முன்னோடி ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம், நிலைத்தது பிச்சைதான். உசிலம்பட்டி மக்கள் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது மூக்கையாத் தேவரை. தெலுங்கு நாட்டில் குப்பைமேட்டின் பெயரால் பெண்டய்யா, எச்சில் இலையின் பெயரால் புல்லய்யா. வங்காளத்தில் மூன்று சோழிக்கு விற்ற பிள்ளைக்குத் தீன்கோரி என்று பெயர். 1889இல் மிதுனாப்பூரில் பிறந்த குழந்தைக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். அவனை அக்காள் மூன்று பிடி குருணை கொடுத்து வாங்கினாள். குருணைக்கு அங்கே 'குத்'. அவன்தான் 18 வயதில் தூக்குமேடை ஏறிய குதிராம் போஸ். மராத்தியில் 'நத்' என்கிற மூக்குவளையம் போட்டு வளர்த்ததால் ராமச்சந்திரன் என்ற குழந்தை நாதுராம் ஆனான். அவன்தான் காந்தியைச் சுட்ட கோட்சே. ஒருவன் நாட்டுக்கு உயிர் கொடுத்தான், இன்னொருவன் நாட்டின் உயிரை எடுத்தான். தொட்டில் பக்கத்தில் விழித்துக் கிடந்த இரண்டு தாய்களுக்கும் பயம் ஒன்றே.

ஆனால் இதில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. மேல்சாதி வீட்டில் குப்புசாமி, சேரியில் குப்பன். ஒரே குப்பைமேடுதான், சாமி என்ற மரியாதை மட்டும் ஒரு தெருவோடு நின்றுவிட்டது. பண்ணையாள் வீட்டில் ஆசையாக நல்ல பெயர் வைத்தாலும் பண்ணை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாது. தாய் எமனுக்குப் பயந்து வைத்த பெயர் வேறு, ஆண்டை இளக்காரமாகக் கூப்பிட்ட பெயர் வேறு. பதிவேட்டில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். அந்த மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்ததும் பெயரை மாற்றிக்கொண்டதில் முழு நியாயம் இருக்கிறது.

பெயர்கள் மறைந்ததற்கு நாகரிகம் மட்டும் காரணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் தொப்புள்கொடியை அறுத்த அரிவாளிலும் கட்டிய பழந்துணியிலும் இருந்த கிருமியால் குழந்தைக்கு ஜன்னி கண்டு, ஒரு வாரத்துக்குள் வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் போகும். அடுத்து அம்மை, பிறகு வயிற்றுப்போக்கு. 1971இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 100-க்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி வந்தது, கொடி அறுக்கப் புதுப் பிளேடு வந்தது, 1977இல் பெரியம்மை ஒழிந்ததாக இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. 2020இல் அந்தக் கணக்கு 1000-க்கு 13. எமனை ஏமாற்றத் தேவையில்லாமல் போனதும் குப்பனும் தவிடனும் தொட்டிலை விட்டுப் போனார்கள். இந்த வரலாற்றில் என் தோழிகள் தூக்கிச் சுமந்த ஊசிப் பெட்டிக்கும் பங்குண்டு என்பதில் எனக்குப் பெருமை.

இப்போது அந்தப் பெயர்கள் இருப்பது முன்னெழுத்தில்தான். கு. என்றும் பி. என்றும் மூ. என்றும் கையெழுத்துப் போடுகிறவர்கள், விரித்துச் சொல்லக் கேட்டால் தயங்குகிறார்கள். உங்கள் தாத்தா அப்படிப்பட்ட பெயர்க்காரர் என்றால் வீட்டின் மூத்த பெண்மணியிடம் கேளுங்கள்: அவர் எத்தனையாவது பிள்ளை, முன்னால் பிறந்தவை எத்தனை, அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள். அந்தக் குழந்தைகள் வேறு எந்த ஏட்டிலும் இல்லை.