சிதறிய சான்றுகளை ஒருங்கே வைத்தல்: ஆய்வுத் தொகுப்பு முறையியல் கழகம் உருவான வரலாறு

1904-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆல்ம்ராத் ரைட் உருவாக்கிய டைபாய்டு தடுப்பூசி பிரிட்டிஷ் படைவீரர்களைக் காத்ததா என்பதே அவர் முன் இருந்த கேள்வி. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்கப் போர்முனையிலும் இருந்த படைப்பிரிவுகளின் கணக்குகள் தனித்தனியாகக் கிடந்தன. பியர்சன் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒட்டுறவுக் கெழுவைக் கண்டு, பிறகு அவற்றின் சராசரியை எடுத்தார். ஊசிக்கும் நோய் வராமல் இருந்ததற்கும் இடையே 0.23, ஊசிக்கும் நோய் வந்தவர் பிழைத்ததற்கும் இடையே 0.19. இரண்டுமே அவருக்குக் குறைவாகப் பட்டன. பிரிவுக்குப் பிரிவு எண்கள் மாறியதும் அவரை உறுத்தியது. தாமாக ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் இயல்பிலேயே உடல்நலத்தில் அக்கறை மிகுந்தவர்களாக இருக்கலாமே என்றும் ஐயுற்றார். முன்வருவோர் எல்லோர் பெயரையும் பதிந்துகொண்டு, ஒருவர் விட்டு ஒருவருக்கு மட்டும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று அவர் சொன்ன யோசனை அந்தக் காலத்துக்கு மிகவும் முந்தியது.

முடிவுகளை எப்படிச் சேர்ப்பது, அவை ஒன்றோடொன்று முரண்படும்போது என்ன செய்வது, மூலத்தரவே சாய்வுடையதாக இருந்தால் சராசரிக்கு என்ன பொருள் என்ற மூன்று கேள்விகளும் அந்த ஒரே அறிக்கையில் இருக்கின்றன. நூறாண்டுக்குப் பிறகு தோன்றிய ஆய்வுத் தொகுப்பு முறையியல் கழகம் இன்றும் விவாதிப்பது இவற்றைத்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தக் கேள்விகள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சரியாகக் கைமாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேளாண்மையில் அவை சிறிது காலம் உயிரோடிருந்தன. ரொதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தோடு தொடர்புடைய ரொனால்ட் ஃபிஷர், 1932-இல் தம் புள்ளியியல் நூலின் நான்காம் பதிப்பில் பல சோதனைகளின் நிகழ்தகவுகளை ஒன்றாக்கும் வழியைத் தந்தார். 1938-இல் ஃபிராங்க் யேட்ஸும் வில்லியம் கோக்ரனும் பல இடங்களில் நடந்த பயிர்ச் சோதனைகளைத் தொகுத்துப் பகுத்தாய்வதைப் பற்றி எழுதினார்கள். இடத்துக்கு இடம் விளைவு மாறுவதைக் கணக்கில் கொள்ளும் வழி அப்போதே இருந்தது.

பிறகு 1970-களில் தொகுக்கும் முறை மறுபடியும் பிறந்தது, அதுவும் மூன்று இடங்களில். 1976-இல் சான்பிரான்சிஸ்கோவில், அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைமை உரையில் ஜீன் கிளாஸ் ‘மெட்டா-அனாலிசிஸ்’ என்ற பெயரை அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு மேரி லீ ஸ்மித்தும் அவரும் உளச்சிகிச்சை பற்றிய 375 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சராசரியாக 0.68 திட்ட விலக்கம் மேம்பட்டிருந்தனர். உளச்சிகிச்சையால் பயனில்லை என்று 1952 முதல் சொல்லிவந்த ஹான்ஸ் ஐசெங்க், இது மாபெரும் மடமை என்று தலைப்பிலேயே சாடி 1978-இல் மறுப்பு எழுதினார். நல்ல ஆய்வையும் மோசமான ஆய்வையும் ஒரே தட்டில் போடலாமா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பின்வந்த முறையியலாளர்கள் அதைத் தள்ளிவிடாமல் எடுத்துக்கொண்டது இத்துறையின் நல்லூழ். இதே ஆண்டுகளில் ராபர்ட் ரோசென்தால், எதிர்பார்ப்பு மனிதர் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்ற 345 ஆய்வுகளை டொனால்ட் ரூபினோடு சேர்ந்து தொகுத்தார். ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹண்டரும் வேலைத்தேர்வுச் சோதனைகளின் செல்லுபடித்தன்மையை ஆராயும்போது ஏறக்குறைய அதே வழிக்கு வந்துசேர்ந்தார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்கவில்லை. வில்லியம் ஷாடிஷும் ஜெஸ்ஸி லேசியும் இந்த மும்முறைப் பிறப்பை 2015-இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள்.

மருத்துவத்துக்கு இம்முறை தாமதமாக வந்துசேர்ந்ததற்கு மனித உயிர்கள் விலையாயின. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்க சிரை வழியே ஸ்ட்ரெப்டோகைனேஸ் செலுத்தும் சிகிச்சையை 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் ஆராய்ந்தன. ஜோசஃப் லாவும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் இவற்றைக் காலவரிசையில், ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்க் கணக்கிட்டார்கள். 1973-இலேயே, வெறும் 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்த நிலையில், இறப்பு குறைவது புள்ளியியல்படி உறுதியாகியிருந்தது. அதற்குப் பின் நடந்த 25 சோதனைகளில் 34,542 பேர் சேர்க்கப்பட்டார்கள். விடையில் பெரிய மாற்றமில்லை, அதன் துல்லியம் மட்டும் கூடியது. அந்த 34,542 பேரில் ஒரு பெரும் பகுதியினர், பலன் தெரிந்துவிட்ட மருந்து இல்லாமல் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள். தொகுக்கும் முறை இல்லாததால் வந்த இழப்பு அல்ல இது. முறை இருந்தது, அது மருத்துவரின் மேசைக்கு வரவில்லை.

1993-இல் காக்ரேன் கூட்டமைப்பும், 2000-இல் சமூகக் கொள்கைகளுக்கான கேம்பெல் கூட்டமைப்பும் தோன்றின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காக்ரேனின் தெற்காசிய மையம் இயங்கியதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் இவ்வமைப்புகளின் முதற்பணி மீளாய்வுகளை உருவாக்குவது. முறையையே ஆராய்கிறவர்கள் கல்வி, உளவியல், மருத்துவம், புள்ளியியல் என்று சிதறியே இருந்தார்கள். அவர்களை ஒரே அவையில் அமர்த்தியதுதான் 2000-களின் நடுவில் உருவான இக்கழகத்தின் தனிப்பெரும் செயல். லாரி ஹெட்ஜஸுடன் சேர்ந்து 1985-இல் மெட்டா-அனாலிசிஸின் புள்ளியியல் நூலை எழுதிய ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் இங்க்ரம் ஓல்கின் பெயரால் கழகம் விருது வழங்குகிறது. 2010-இல் மார்க் லிப்ஸி, கிறிஸ்டோஃபர் ஷ்மிட் ஆகியோரை ஆசிரியர்களாகக் கொண்டு ‘ரிசர்ச் சிந்தசிஸ் மெதட்ஸ்’ என்ற ஆய்விதழ் தொடங்கியது. ஒருவர் சமூக அறிவியலாளர், மற்றவர் மருத்துவப் புள்ளியியலாளர். இந்த இணைப்பே நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

முதல் இதழிலேயே ஹெட்ஜஸ், எலிசபெத் டிப்டன், மாத்யூ ஜான்சன் மூவரும் ஒரு பழைய சிக்கலுக்கு வழி கண்டார்கள். ஒரே ஆய்வு அதே குழந்தைகளுக்கு மூன்று வாசிப்புத் தேர்வுகள் வைத்து மூன்று முடிவுகள் தந்தால், அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணுவது பிழை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவது வீண். முடிவுகளுக்குள் உள்ள ஒட்டுறவு சரியாகத் தெரியாவிட்டாலும் பிழை அளவைக் கணிக்கும் வழியை அவர்கள் தந்தார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு இக்கழகத்தாரின் நேர்மையைக் காட்டுகிறது. ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டை விழுக்காட்டில் காட்டும் ‘ஐ-ஸ்கொயர்டு’ அளவை 2002-இல் ஜூலியன் ஹிக்கின்ஸும் சைமன் தாம்சனும் முன்வைத்தார்கள். 75% என்றால் வேறுபாடு மிகுதி, 25% என்றால் குறைவு என்று உலகமே படிக்கத் தொடங்கியது. அந்த அளவோ, தென்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு தற்செயலால் விளையாதது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆய்வுகள் பெரிதாக இருந்தால் உண்மை வேறுபாடு சிறிதாயினும் விழுக்காடு ஏறிவிடும். 2017-இல் மைக்கேல் போரென்ஸ்டைன், ஹெட்ஜஸ், ஹன்னா ராத்ஸ்டைன் ஆகியோரோடு சேர்ந்து இந்தத் தவறான வாசிப்பைத் திருத்தி எழுதியவர்களில் ஹிக்கின்ஸும் ஒருவர். தாம் தந்த கருவி தவறாகப் பயன்படுவதைத் தாமே முன்னின்று திருத்தும் வழக்கம் எல்லாத் துறையிலும் இல்லை.

அண்மைய நெருக்கடி வேறுவகை. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் மருந்து பற்றிய பல தொகுப்பாய்வுகள் எகிப்திலிருந்து முன்னச்சாக வந்த ஓர் ஆய்வைச் சேர்த்துக்கொண்டன. அதன் தரவில் கடும் முறைகேடுகள் தெரிந்ததால் 2021-இல் அந்த முன்னச்சு திரும்பப் பெறப்பட்டது. அதை நீக்கியபோது, சாவைக் குறைப்பதாகச் சொன்ன தொகுப்பு முடிவுகள் தளர்ந்தன. சுருக்க எண்களை மட்டும் நம்பித் தொகுப்பது போதுமா, ஒவ்வொரு நோயாளியின் தரவையும் கேட்டுப் பெற வேண்டுமா என்ற கேள்வி இதனால் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பல நாடுகளின் தனியுரிமைச் சட்டங்களும், தரவைத் தர மறுக்கும் நிறுவனங்களும் குறுக்கே நிற்கின்றன. மூலத்தரவு கிடைக்காத ஆய்வுக்குத் தொகுப்பில் எவ்வளவு எடை தருவது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விதி இன்னும் வகுக்கப்படவில்லை.