பாட்டனாரின் ஞானப்பாட்டும் பேரனின் முரசும்

1922ஆம் ஆண்டில், நைஜீரியாவின் அபெயோக்குட்டா நகரைச் சேர்ந்த யோசையா ரான்சம்-குட்டி என்னும் ஆங்கிலிக்கன் குரு இலண்டன் மாநகரில் தம் தாய்மொழியாகிய யொரூபாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஞானப்பாட்டுகளைப் பாடினார். 'சோனோபோன்' நிறுவனம் அவற்றை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. யொரூபா மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தே சொல்லின் பொருள் அமைகிறது. ஆங்கிலேய மெட்டுக்குள் அச்சொற்களைத் திணித்தால் பொருள் சிதைந்துவிடும். ஆகவே அக்குரு தம் மக்களின் மெட்டுகளையே நாடினார். மறைபரப்பாளர் பலர் உள்ளூர் மெட்டையும் முரசையும் ஐயத்தோடு நோக்கிய காலத்தில் இது சிறிய துணிவன்று.

அவருடைய மருமகள் ஃபுன்மிலாயோவோ பாட்டை வேறொரு களத்திற்குக் கொண்டுசென்றார். பெண்கள்மீது சுமத்தப்பட்ட தனிவரியை எதிர்த்து 1947இல் அபெயோக்குட்டாவின் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அரசரின் அரண்மனை வாயிலில் அமர்ந்து, அவரை எள்ளி நகையாடும் பாடல்களைப் பாடினர். அவர்களைத் திரட்டியவர் இந்த அம்மையாரே. 1949 சனவரியில் 'அலாக்கே' என்னும் பட்டம் தாங்கிய அவ்வரசர் அரியணை துறந்தார். (மறு ஆண்டே திரும்பி வந்தார் என்பது வேறு.)

இந்தக் குடும்பத்தில் 1938இல் பிறந்தவர்தாம் ஃபெலா. மருத்துவம் பயில 1958இல் இலண்டன் அனுப்பப்பட்டவர், அங்கே டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! 'கூலா லோபிட்டோஸ்' என்ற குழுவை அமைத்து, மேற்கு ஆப்பிரிக்காவின் 'ஹைலைஃப்' நடன இசையோடு ஜாஸைக் கலந்தார். 1969இல் அமெரிக்கா சென்றபோது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் மால்கம் எக்ஸின் தன்வரலாறும் அவர் நெஞ்சைத் தைத்தன. தம் நாட்டையும் தம் இசையையும் புதிய கண்கொண்டு பார்க்கத் தொடங்கினார். பின்னர் 'ஆப்பிரிக்கா 70' எனப் பெயர் பெற்ற அவருடைய குழுவில் பிறந்த இசைக்கே 'ஆஃப்ரோபீட்' என்று பெயர்.

இந்த இசையின் அமைப்பைச் சற்று விரித்துரைப்போம். ஒரு பாடல் பெரும்பாலும் நெடுநேரம் ஓடும். கிட்டார்கள் சிறுசிறு சொற்கட்டுகளைப் போலத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். உலர்ந்த சுரைக்குடுக்கையைச் சுற்றி மணிவலை கட்டிய 'ஷெக்கெரே' இடைவிடாது குலுங்கும். டோனி ஆலன் என்னும் முரசுக் கலைஞர் இரு கைகளையும் இரு கால்களையும் நான்கு தனி வாத்தியக்காரர்போல் இயக்குவார். அதன்மேல் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் ஃபங்க், சோல் இசைகளின் அதிர்வும், ஜாஸ் ஊதுகுழல்களின் முழக்கமும் எழும். நெடுநேரம் கழித்தே ஃபெலா வாய்திறப்பார்; பெண்கள் குழு அவருக்கு மறுமொழி பாடும். எல்லா இனத்தவரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டுச் சந்தைகளில் வழங்கும் கலப்பு ஆங்கிலத்தையே பாடல்களுக்குத் தேர்ந்தார். அடிமைகளாகக் கடல்கடத்தப்பட்டோரின் தாளம் அமெரிக்காவில் ஜாஸாகவும் சோலாகவும் உருமாறி, மீண்டும் ஆப்பிரிக்கக் கரைக்கே வந்து சேர்ந்ததை இங்கே கேட்கிறோம். 1970இல் சோல் இசை மன்னர் ஜேம்ஸ் பிரவுன் நைஜீரியா வந்தபோது, அவருடைய குழுவினரே ஃபெலாவின் அரங்கிற்குச் சென்று செவிமடுத்தனர்.

படைவீரரை, ஆணைக்கு ஆடும் நடைப்பிணங்களாகச் சித்திரித்த 'ஜாம்பி' பாடல் 1976இல் வெளிவந்தது. இராணுவ ஆட்சி அதைப் பொறுக்கவில்லை. 1977 பெப்ரவரி 18 அன்று ஏறத்தாழ ஆயிரம் படைவீரர் இலாகோசில் அவர் வாழ்ந்த இல்லத்தைச் சூழ்ந்து, உள்ளிருந்தோரை அடித்து நொறுக்கித் தீயிட்டனர். எழுபத்தாறு வயதுத் தாயார் மாடிச் சாளரத்திலிருந்து வெளியே எறியப்பட்டார். அக்காயங்களால் நலிந்து, 1978 ஏப்ரலில் உயிர்நீத்தார். விசாரணைக் குழுவோ பழியை 'அடையாளம் தெரியாத படைவீரன்' மீது சுமத்தியது. மகன் என்ன செய்தார்? தாயின் பெயரால் ஒரு சவப்பெட்டியை ஆட்சித் தலைவரின் படைமுகாம் வாயிலுக்கே சுமந்துசென்று வைத்தார். பின்னர் அதையும் பாடலாக்கினார்.

சமயத் தலைவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. நெரிசலில் நசுங்கும் ஏழையிடம் விண்ணகத்தைக் காட்டித் தாங்கள் சுகமாக வாழ்கின்றனர் என்று திருத்தந்தை முதல் இமாம்கள் வரை அனைவரையும் ஒரு பாடலில் சாடினார். அதில் குழுவினர் சொல்லும் மறுமொழி, செபத்தின் இறுதியில் நாம் சொல்லும் அதே சொல்! பாட்டனாரின் ஆலயத்தில் ஒலித்த அச்சொல் பேரனின் வாயில் குற்றச்சாட்டாக மாறியது. நமக்கு இது கசக்கும். எனினும் பட்டினி கிடப்போரின் பக்கம் நின்று எழுப்பிய கேள்வி என்பதால், செவிகொடுத்துக் கேட்கவே வேண்டியதாகிறது.

அவருடைய வாழ்வை நாம் போற்ற இயலாது. 1978இல் ஒரே நாளில் இருபத்தேழு பெண்களை மணந்தார். பெண்களின் உரிமைக்காக அரசரையே எதிர்த்த தாயின் மகன், பெண்களைத் தாழ்த்தியும் பாடியிருக்கிறார். கஞ்சாவை வெளிப்படையாகப் புகைத்தார். எய்ட்ஸ் என்றொரு நோய் உண்டென்பதையே ஏற்க மறுத்தார். 1997 ஆகஸ்டு 2 அன்று, ஐம்பத்தெட்டாம் வயதில், அந்நோயே அவரைக் கொண்டுசென்றது.

குடும்பம் மௌனம் காத்திருக்கலாம். நைஜீரியாவின் முன்னாள் நலவாழ்வுத் துறை அமைச்சரும் குழந்தைகள் மருத்துவருமான அண்ணன் ஒலிக்கோயே, தம்பியின் மரணத்திற்குக் காரணம் எய்ட்ஸ் என்று ஊரறிய அறிவித்தார். அந்நோயின் பெயரைச் சொல்லவே நாடு கூசிய காலம் அது. இறுதி ஊர்வலத்தில் பத்து இலட்சம் பேருக்குமேல் திரண்டதாகக் கூறுவர். ஃபெலாவின் கடைசிக் குழுவான 'ஈஜிப்ட் 80'ஐ அவ்வாண்டே பதினான்கு வயது மகன் ஷேயுன் ஏற்று நடத்தத் தொடங்கினார்.