தங்கம் அரித்தவர்கள்: ஆற்று மணலில் இருந்து நுரையீரல் வரை

1/ தங்கம் விலை ஏற ஏற ஒரு வகை ரீல்ஸும் கூடிக்கிட்டே போகுது. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஓடையில் உட்கார்ந்து, தட்டில் மணலைச் சுழற்றி, கடைசியில் நாலு பொன் துகளைக் காட்டுவார். "சார், நம்ம மணிமுத்தாறுலயும் இப்படி அரிச்சுப் பார்க்கலாமா?" என்று ரிஷிவந்தியம் பக்கத்துப் பசங்க கேட்கிறாங்க. பதில் கொஞ்சம் நீளம். அதில் வரலாறும் இருக்கு, மருத்துவமும் இருக்கு.

2/ முதலில் வித்தை. இது நம்ம அடுப்படியில் இருக்கிற வித்தைதான். அரிசியில் கல் அரிக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டித் தண்ணீரோடு அரிசியை வடிப்போம், கல் அடியில் தங்கும். தங்கம் அரிப்பதும் அதே வேலை. மணல், தண்ணீரைவிட சுமார் 2.6 மடங்கு கனம். தங்கம் 19 மடங்கு. ஆட்ட ஆட்டத் தங்கம் அடிக்குப் போகும், மணல் வெளியே போகும்.

3/ கடைசியில் தட்டில் மிஞ்சுவது கருமணல். அது தண்ணீரைப்போல் 5 மடங்கு கனமான இரும்புத்தாது. காய்ந்ததும் காந்தம் வைத்தால் ஒட்டிக்கும். ஒட்டாத மீதியில்தான் தங்கத்தைத் தேடணும். அங்கேயும் ஏமாறக் கூடாது. நம்ம ஊர் மணலில் பளபளக்கிறது பெரும்பாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா. தட்டிப் பார்த்தால் தெரியும்: தங்கம் தகடாகும், மற்றது நொறுங்கும்.

4/ மணிமுத்தாறு, கோமுகி இரண்டும் கல்வராயன் மலையில் பிறக்கிறவை. வடக்கே ஓடும் தென்பெண்ணைக்குப் பொன்னையாறு என்றே ஒரு பெயர் உண்டு. பெயரில் பொன் இருந்தால் மணலிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. மேலே பாறையில் தங்க ரேகை இருந்து, மழை அதை அரித்துக் கொண்டு வந்தால்தான் ஆற்றில் தங்கம்.

5/ அப்படி நிஜமாவே கிடைத்த இடம் தமிழ்நாட்டில் உண்டு. நீலகிரி மாவட்டம், கூடலூருக்கு அந்தப்பக்கம் தேவாலா, பந்தலூர். அங்கே குறும்பர்களும் பணியர்களும் தலைமுறை தலைமுறையாக மரத்தட்டில் ஓடை மண்ணை அரித்தார்கள். கலிபோர்னியாவில் 1848-ல் தங்க வேட்டை தொடங்கும் முன்பே இங்கே இந்த வித்தை இருந்தது. பணியர்களில் பலர் கொத்தடிமைகள். அரித்த கை ஒன்று, தங்கம் போய்ச் சேர்ந்த கை வேறொன்று.

6/ 1870-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இருந்து பிரஃப் ஸ்மித் என்ற நிபுணரை அரசு வரவழைத்தது. அவருடைய அறிக்கை வந்ததும் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. காட்டுக்குள் பந்தலூர் ஒரு டவுனாகவே எழுந்தது. கல்லை உடைத்து அரைத்தபோது கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. பங்கு வாங்கியவர்களுக்கு நஷ்டம்.

7/ அடுத்து கோலார். 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் பற்றிய பேச்சைக் கேட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்து ஜனங்க மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டு வந்து அவர் கண் முன்னாலேயே அரித்துக் காட்டினாங்க. ஆக, "கண்டுபிடித்தவர் வாரன்" என்று எழுதுவது சரியில்லை. அவர் பார்த்தவர். தெரிந்து வைத்திருந்தது அந்த ஜனங்கதான்.

8/ வாரனின் குறிப்பைப் பல வருஷம் கழித்துப் படித்தவர், பெங்களூரில் இருந்த மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர். 1870-களில் அவர் உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதோடு தட்டின் காலம் முடிந்து சுரங்கத்தின் காலம் தொடங்கியது.

9/ சுரங்கத்தில் இறங்கியவர்கள் யார்? வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் மாவட்டத்துத் தமிழர்கள். பெரும்பாலோர் நிலமில்லாத ஆதிதிராவிட மக்கள். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்த, கூலிக்காகப் போனவர்கள். ரிஷிவந்தியம் அன்றைக்குத் தென் ஆற்காட்டில்தான் இருந்தது. 2024-ல் வந்த 'தங்கலான்' படம் இந்தப் பயணத்தைத்தான் கதையாக எடுத்தது.

10/ சுரங்கம் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டிப் போனது. 2001 பிப்ரவரியில் மூடும் வரை எடுத்தது சுமார் 800 டன் தங்கம். இப்போ நான் டாக்டராகப் பேசணும். தங்கம் ஒளிந்திருப்பது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளைத்தால் பறக்கும் தூசு சிலிக்கா. நுண்ணிய சிலிக்கா நுரையீரலின் காற்றறை வரை போய் உட்கார்ந்துவிடும். அதைச் சுற்றித் தழும்பு கட்டும். மூச்சு சுருங்கும்.

11/ இதற்குப் பெயர் சிலிகோசிஸ். மருத்துவ மாணவர்கள் படிக்கிற சமூக மருத்துவப் பாடநூலில் ஒரு வரி வரும்: இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில், 1947-ல். பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி அது. அந்த மார்க்குக்குப் பின்னால் இருந்தது நம்ம தாத்தாக்களின் மூச்சு. 1947-க்கு முன்னால் 60 வருஷத்துக்கு மேல் சுரங்கம் ஓடியது என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

12/ இன்னொரு ஆபத்து பாதரசம். பொடித் தங்கத்தைத் திரட்டப் பாதரசம் கலப்பார்கள், பிறகு சூடு காட்டி அதை ஆவியாக விரட்டுவார்கள். நகைப்பட்டறை வீதிகளில் குப்பையைக் கூட்டி அரிக்கிறவர்களில் சிலர் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். சுவாசிக்கும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதம் உடம்பில் ஏறிவிடும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல், சிறுநீரகப் பாதிப்பு. பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் இதே கதிதான்.

13/ கோலார் மூடியாச்சே, எதுக்கு இப்போ இந்தக் கதை? சிலிக்கா மூடவில்லை. கல் குவாரி, கிரஷர், போர்வெல் வண்டி, கிரானைட் பட்டறை எல்லா இடத்திலும் அதே தூசுதான். அங்கே வேலை பார்ப்பவருக்கு வறட்டு இருமல், மேடு ஏறினால் மூச்சு வாங்குவது இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுங்க. டிபி பரிசோதனையும் அவசியம். சிலிக்கா படிந்த நுரையீரலில் டிபி சுலபமாக ஏறும். டாக்டரிடம் நோயை மட்டும் சொல்லாதீங்க, என்ன வேலை பார்க்கிறீங்க என்பதையும் சொல்லுங்க.

14/ சிலிகோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான். துளைக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசு அடங்கும். துண்டால் மூக்கைக் கட்டுவது போதாது, நுண்தூசு அதில் நிற்காது. தகுந்த மாஸ்க் கொடுப்பது முதலாளியின் கடமை.

15/ சரி தம்பிகளா, அரிக்கக் கத்துக்கலாமா? தாராளமா. ஆனா ஆற்றில் வேண்டாம். அனுமதி இல்லாமல் மணல் அள்ளுவதும் கனிமம் எடுப்பதும் குற்றம். வீட்டிலேயே வாய் அகன்ற தட்டு, ஈர மணல், அதில் பத்து சைக்கிள் பால்ரஸ் குண்டு. தண்ணீரில் மூழ்க வைத்து, குலுக்கி, சாய்த்து, மேல் மணலை வடிக்கணும். பத்துக் குண்டும் தட்டில் மிஞ்சினால் நீங்க தேர்ச்சி. பாதரசத்தை மட்டும் தொடவே வேண்டாம். முதல் பாடத்துக்கு வாத்தியார் வேணும்னா, கல் அரிசி வாங்கிச் சமைத்த காலத்துப் பாட்டி வீட்டில் இருப்பாங்க, கேளுங்க.